படிதல்

ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் வீசும் காற்றுக்குத் தனிக் குணம் உண்டு. மலை இடுக்கு வழியே உள்ளே புகுந்து, தென்னை மட்டைகளை முறித்துப் போட்டு, தகரக் கூரைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகும். நமக்கு அது தூசியும் இரைச்சலும். நான்கு மாதக் குட்டி நாய்க்கோ ஊரே ஒரே நேரத்தில் வாய் திறந்து பேசுகிற மாதிரி. மலையடிவாரத்தில் மேயும் மாட்டு வாடை, பரோட்டாக் கடைச் சால்னா, தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்பின் டீசல் புகை, அடுத்த தெரு நாய் கம்பத்தடியில் விட்டுப்போன சேதி எல்லாம் ஒன்றாக மூக்குக்குள் விழும்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தேனிக்கு வெளியே ஒரு பொட்டலில் நடக்கும் நாய்ப் பயிற்சி வகுப்புக்கு என் அக்கா மகன் தன் குட்டியைக் கொண்டுபோனான். துணைக்கு நானும் போனேன். ஏற்கெனவே பத்து நாய்கள் வரிசையில் நின்றன. ராக்கி, அதுதான் குட்டியின் பெயர், தரையில் கால் பட்ட கணமே பின்னங்கால்களில் எழுந்து நின்றுவிட்டது. கயிறு கழுத்தை இறுக்குகிறது, மூச்சு இழுக்கிறது, குரைப்பும் ஊளையும் சேர்ந்த ஒரு சத்தம். பையன் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான், கெஞ்சினான், பிறகு அதட்டினான். குட்டியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. மற்ற நாய்க்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க அவன் முகம் சிவந்தது. "நமக்கு மட்டும் ஏன் மாமா இப்படி?" என்றான்.

வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் பதில் வைத்திருந்தார். "நாலு போடு போடுங்க தம்பி, தன்னால அடங்கிரும். கோம்பைக் குட்டில்ல, ரத்தம் அப்படி. அடியாத மாடு படியாது."

கோம்பை ரத்தம் என்று அவர் சொன்னதில் ஊர்ப் பெருமையும் இருந்தது. உத்தமபாளையம் வட்டத்தில், மலையின் காலடியில் ஒட்டிக் கிடக்கிற ஊர் கோம்பை. அண்ணாந்து பார்த்தால் ராமக்கல்மேடு. அந்த ஊர்ப் பேரையே சுமக்கும் நாய்க்குச் செவலை உடம்பு, கருத்த வாய், முதுகின்மேல் வளைந்து நிற்கும் வால். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர்போன இனம். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையத்துக்குத்தான் இடம் கிடைத்தது. கோம்பை காத்திருந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது, மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் கோம்பை நாய்கள் சேர்க்கப்பட்டிருப்பதைச் சொன்னார். அன்றைக்கு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சில்லை. ஆனால் பெருமையோடு கூடவே ஒரு நம்பிக்கையும் பரவிக் கிடக்கிறது: கோம்பை என்றால் முரடு, முரடை முரட்டால்தான் வளைக்க வேண்டும்.

அந்தப் பெரியவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது சின்னமனூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. இனம் கினம் எதுவும் கிடையாது, தெருவில் எடுத்து வளர்த்தது. வாசலில் வேப்ப மரம், மரத்தில் சங்கிலி, சங்கிலியில் மணி. வருகிறவர்கள் மேலெல்லாம் தாவும். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவரின் வெள்ளை வேட்டியில் அதன் இரண்டு கால் தடமும் பதிந்தபோது அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நாயைத் திருத்தும் வேலையை என்னிடம் விட்டார். புளிய விளாறு ஒன்று ஒடித்துக்கொண்டேன். மூன்று நாள். தாவும்போதெல்லாம் அடி, குரைத்தால் அடி, வாலாட்டிக் குழைந்தாலும் முன்னெச்சரிக்கையாக ஒரு அடி. நான்காம் நாள் நான் வாசலுக்கு வந்ததுமே மணி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. "அடங்கிருச்சு" என்றார்கள் வீட்டில். நாய் என்றால் இப்படி இருக்கணும் என்று அப்பா வந்தவர்களிடம் சொல்லிக் காட்டினார். நானும் பூரித்துப்போனேன். நான் பக்கத்தில் போனால் அது படுத்தபடியே சிறுநீர் விட்டுவிடும். ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் மணி யார்மேலும் தாவவில்லை. யாரையும் பார்த்துக் குரைக்கவும் இல்லை.

நான் மணியை அடித்ததற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1967-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். கட்டிப்போட்ட நாய்களுக்கு மின்அதிர்ச்சி. ஒரு கூட்டத்துக்கு, தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கு எதைச் செய்தாலும் நிற்காது. முதல் கூட்டத்துக்கு நிற்கும்போதுதான் அதற்கும் நிற்கும். வலி இரண்டுக்கும் ஒரே அளவு. மறுநாள் இரண்டையும் ஒரு கூண்டில் விட்டார்கள். நடுவில் தாழ்வான தடுப்பு, தாண்டினால் தப்பிக்கலாம். முதல் கூட்டம் தாண்டக் கற்றுக்கொண்டது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்து முனகிக்கொண்டே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. வழி கண்ணெதிரே திறந்திருந்தும் எழவில்லை. கொடூரமான சோதனைதான், நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் பற்றி முதன்முதலில் படித்த இரவு எனக்கு மணிதான் கண்முன் வந்தது. எங்கள் வாசலில் நடந்ததும் அதுதான். அப்பா காட்டிப் பெருமைப்பட்ட அந்த ஒழுக்கம், எதுவும் பயனில்லை என்று ஓர் உயிர் முடிவுகட்டிவிட்ட நிலை.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். துவண்டு கிடப்பதை அந்த நாய்கள் கற்றுக்கொள்ளவில்லை; நீடித்த துன்பத்தில் உயிர் இயல்பாகவே துவண்டுவிடும். கற்றுக்கொள்ள வேண்டியது, தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதைத்தான். துவண்ட நாய்களைக் கயிற்றால் இழுத்துத் தடுப்பைத் தாண்டவைத்து, மறுபடி மறுபடி அதைச் செய்து காட்டிய பிறகே அவை தாமாகத் தாண்டின என்பதும் பதிவாகியிருக்கிறது. அமைதியாக இருப்பதை நாம் பணிவோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர்களின் புதுக் கணக்குப்படி, தன் கையில் கொஞ்சமாவது இருக்கிறது என்று நம்புகிற உயிருக்குத்தான் நிதானம் வாய்க்கிறது.

பெரியவர் சொன்ன பழமொழியிலேயே இதற்கு ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. படிதல் என்ற சொல்லை வேறெங்கெல்லாம் சொல்கிறோம்? பனி படிகிறது, தூசி படிகிறது, வண்டல் படிகிறது. ஆற்றில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும் நாட்களில் என் பாட்டி குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு மூலையில் வைத்து, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். காலையில் மேலே பளிங்கு போலத் தண்ணீர், அடியில் மண். குடத்தை அறைந்து வண்டலைப் படியவைத்தவர் எவருமில்லை. அடி விழுந்தால் மாடு மசியும், வளையும், ஒடுங்கும். படியுமா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. திருந்து, திருத்து. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு அடக்கமுடைமை என்று பெயர் வைத்தார். அது தன்னைத் தான் அடக்கிக்கொள்வது பற்றியது, பிறரை அடக்கிவைப்பது பற்றியதல்ல. தூங்கு என்பதற்குப் பிறவினை தேடிப் போனால் தூக்கு என்று முடிகிறது, அதோடு அந்தத் தேடலை விட்டுவிடுவது நல்லது. சில காரியங்களை அடுத்தவருக்காக நாம் செய்து கொடுக்க முடியாது. அவை நிகழ்வதற்கு இடம் செய்து கொடுக்கலாம்.

பொட்டலில் அன்று நடந்ததும் ஏறக்குறைய அதுதான். வகுப்பு எடுப்பவர் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநோய் ஊசி போட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார். பிறகு குட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் பையனிடம், "அம்பது அடி அங்கிட்டுத் தள்ளிப் போங்க தம்பி" என்றார். போனோம். வேகவைத்த கோழித் துண்டை நீட்டச் சொன்னார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் முப்பது அடி. அப்போதும் இல்லை. கடைசியில் பொட்டலின் ஓரத்தில் ஒரு புளிய மரத்தடியில், மற்ற நாய்கள் கண்ணுக்குத் தெரிந்தும் சிறிதாகத் தெரிகிற தூரத்தில், குட்டி ஒரு துண்டை வாங்கித் தின்றது. "அங்கதான் உங்க வகுப்பறை. அடுத்த வாரம் நாலடி முன்னால வரலாமான்னு அதுகிட்டயே கேப்போம்" என்றார்.

பசியுள்ள குட்டி கறியை மறுக்கிறது என்றால் அதன் மனம் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கொதிக்கிற பாத்திரத்தில் பாடம் நிற்காது. "உட்கார்" என்ற சொல் வீட்டில் அதற்கு நன்றாகவே தெரியும். இங்கே அது காதுக்குள்ளேயே போகவில்லை. சொல்லை உரக்கச் சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தூரம்தான் மருந்து. அடுத்து, கறித்துண்டுகளைப் பொடிப்பொடியாகப் பிய்த்துப் புல்லில் தூவச் சொன்னார். மூக்கு தரைக்கு இறங்கியது. மோந்து மோந்து தேடுகிற நாயின் மூச்சு மாறுகிறது, முதுகு தளர்கிறது. பத்து நிமிடத்தில் ராக்கியின் வால் முறுக்கு விட்டு இலேசாக ஆடியது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிற பழமொழி சரிதான், ஆனால் அதைத் தளர விடலாம்.

"காலையில குட்டிக்கு என்ன வேலை குடுத்தீங்க?" என்று கேட்டார். களைத்துப்போனால் அடங்கும் என்று நினைத்து இருசக்கர வண்டிக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் ஓடவிட்டதாகப் பையன் பெருமையாகச் சொன்னான். அவருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. எலும்பு முற்றாத குட்டியை அப்படி ஓடவிட்டால் மூட்டு கெடும். அதுவும் போக, "ஓடின ஓட்டம் இன்னும் அது ரத்தத்துல ஓடிக்கிட்டுல்ல இருக்கு" என்றார். வகுப்புக்கு முன்னால் ஓட்டம் கூடாது, மெல்ல மோந்துகொண்டே போகிற நடை போதும். கூட்டம் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே வந்து, இடத்தை மூக்கால் அளக்க விட வேண்டும். நன்றாகப் போகிறது என்று தோன்றும்போதே கிளம்பிவிட வேண்டும், முழு மணி நேரமும் இருந்தே தீருவேன் என்று நிற்கக் கூடாது. கயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுகிய கயிறு, ஏதோ ஆபத்து என்று நாய்க்குச் சொல்கிற தந்தி. நாலு காலும் தரையில் இருக்கிற நேரத்தில் எல்லாம் கிடைக்க வேண்டும், எகிறுகிற நேரத்தில் எதுவும் கிடைக்கக் கூடாது. அடிக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். குட்டிகள் மிக விரைவில் கணக்குக் கற்றுக்கொள்ளும்.

பிறகு சாக்கு. வெறும் உரச்சாக்கு இல்லை, சணல் சாக்கு. அதை வீட்டில் விரித்து வை என்றார். ஏறு என்று சொல்லாதே. தானாக அதன்மேல் போய் நிற்கும்போது ஒரு துண்டு, படுத்தால் இரண்டு துண்டு. ஒரு வாரம் அவ்வளவுதான் பாடம். அதற்கப்புறம் அந்தச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எங்கு போனாலும், விரித்த இடம் அதற்கு வீடு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "குட்டி எத்தனை மணி நேரம் தூங்குது?" என்றார். பையனுக்குத் தெரியவில்லை. அந்த வயதில் ஒரு நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் வரை தூங்க வேண்டும். எங்கள் அக்கா வீட்டில் தொலைக்காட்சி ஓயாது. வருகிற போகிற பிள்ளைகள் எல்லாம் தூங்குகிற குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். தூக்கம் கெட்ட கைக்குழந்தை எப்படி வீரிட்டு அழுமோ, அப்படித்தான் இதுவும் கடிக்கிறது, குதிக்கிறது, அதைப் பார்த்துச் சுறுசுறுப்பு என்று மெச்சுகிறோம். அடுத்த கேள்விக்குப் பையன் தயாராக இல்லை. "நீங்க எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

அவன் குரூப் நான்கு தேர்வுக்குப் படிக்கிறான். இரவு ஒன்றரை மணி வரை விளக்கு எரியும், அதற்குப் பிறகு கைப்பேசி. நண்பர்களில் இருவர் தேறிப் போய்விட்டார்கள். வீட்டில் யாரும் குத்திக்காட்டுவதில்லை, ஆனால் சோறு போடும்போது அக்கா விடுகிற பெருமூச்சு அவனுக்கு எண்ணிக்கையோடு தெரியும். குட்டி அவன் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறது. 2019-ல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியையும் எடுத்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலை அளந்தார்கள். முடியில் அது மாதக்கணக்கில் பதிந்திருக்கும். வளர்ப்பவரின் அளவு ஏற இறங்க, நாயின் அளவும் கூடவே நின்றது. நாய்தான் மனிதரைப் பின்பற்றுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கயிற்றில் மட்டுமா நாம் அதைக் கட்டி வைத்திருக்கிறோம்?

பையன் அன்று கோபித்துக்கொண்டுதான் வந்தான். "நாய்க்கு டியூசன்னு போனா எனக்கு எடுக்குறாரு மாமா."

எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அறுபது பேர் இருந்த வகுப்பு. கை கட்டு, வாய் பொத்து. மேலதிகாரி பார்வையிட வந்தபோது குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஆசிரியருக்குப் பாராட்டுக் கிடைத்தது. அந்த அமைதியில் நாங்கள் கற்றுக்கொண்டது ஆசிரியரின் செருப்புச் சத்தம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கணக்கிடுவதை. சத்தம் தூரத்தில் போனதும் வகுப்பு சந்தையாகிவிடும். பிற்காலத்தில் அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் இதே செருப்புச் சத்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு முன்னால் நிமிராமல் நிற்கிறவர் வீட்டுக்குப் போய் யார்மேல் நிமிர்கிறார் என்பது அவர் வீட்டாருக்குத் தெரியும்.

துடிப்பையும் நிதானத்தையும் எதிரிகளாக நினைப்பதும் ஒரு பிழை. எங்கள் பக்கத்துப் பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு அன்று வாடிவாசலைப் பிய்த்துக்கொண்டு வருகிற காளையைப் பாருங்கள். அன்று மாலையே அந்தக் காளையின் கயிற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பிடித்துக்கொண்டு தெருவில் போகும். அது அசைபோட்டபடி பின்னால் நடக்கும். அந்தச் சீற்றத்தை யாரும் அதனிடமிருந்து பிடுங்கவில்லை. வேண்டிய இடத்தில் எழவும் வேண்டாத இடத்தில் இறங்கவும் அதற்குத் தெரிகிறது, அவ்வளவுதான். நல்ல கோம்பை நாயிடம் பழையவர்கள் எதிர்பார்த்ததும் அதுதான். இரவெல்லாம் ஓயாமல் குரைக்கிற நாயை நம்பி யாரும் தோட்டத்தை விட்டுவிட்டுத் தூங்க மாட்டார்கள்.

ஆனால் இன்று எங்கள் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் காவல் நாய்கள் வாழ்கிற விதம் வேறு. திராட்சைப் பந்தல் கல்லுக்காலில் மூன்று முழச் சங்கிலி, வட்டமாகத் தேய்ந்த மண், கவிழ்ந்து கிடக்கிற சோற்றுச் சட்டி. குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை உலகம் பழகுகிற பருவம். அந்த நாட்களில் நல்லபடியாகக் காணாத முகமும் கேளாத ஓசையும் பிறகு பெரும்பாலும் பகைதான். அந்தப் பருவத்தைச் சங்கிலியில் கழித்துவிட்டு, அச்சத்தில் குரைப்பதை வீரம் என்கிறோம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நியாயமான அளவுக்கு நடக்க விடாமல் இருப்பது கொடுமைக் குற்றம் என்று 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. படித்தவர்கள் வீட்டு வாசலிலும் அது மீறப்படுகிறது. எங்கள் வாசலில் மீறப்பட்டது.

ராக்கி ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டாம் வாரம் மழைத் தூறலில் எல்லாம் கெட்டது. மூன்றாம் வாரம் புளிய மரத்திலிருந்து பத்தடி முன்னால் வந்தது. ஐந்தாம் வாரம், வரிசைக்கு இருபதடி தள்ளிச் சாக்கில் படுத்தபடி ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு கடந்து போவதைப் பார்த்தது. காது எழுந்தது, தொண்டையில் ஒரு உறுமல் புறப்பட்டது, பையனைத் திரும்பிப் பார்த்துவிட்டு மோவாயைச் சாக்கில் வைத்துக்கொண்டது. அப்படித் திரும்பிப் பார்த்த ஒரு நொடிக்காக அவன் ஐந்து வாரம் உழைத்திருக்கிறான். எட்டு மாதத்தில் மறுபடி தலைகீழாகும் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். பருவ வயதுக்கு வரும் நாய்கள் அன்னியர் சொல்லைக் கேட்டாலும் கேட்கும், வளர்த்தவர் சொல்லைத்தான் தட்டும் என்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020-ல் காட்டியது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. அதற்குள் பையனும் பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கப் பழகிவிட்டான். பரீட்சைக்கு அது போதுமா என்று அக்கா கவலைப்படுகிறாள். குட்டி மட்டும் ஒரு நீல நிற மொபெட்டை இன்றுவரை மன்னிக்கவில்லை.

போன வாரம் ராக்கியை எங்கள் பழைய வீட்டுக்குக் கூட்டி வந்தான். "எங்க மாமா கட்டுறது?" என்று கேட்டவன், நான் பதில் சொல்வதற்குள் தானே வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்தான். மணி போய் நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. மரம் இப்போது மாடியைத் தாண்டி நிற்கிறது. சங்கிலி உராய்ந்த வடு மட்டும் அன்றிருந்த அதே முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பட்டை மூடப் பார்த்து மூட முடியாமல் உதடு மாதிரி மடிந்து நிற்கிறது. குட்டி சாக்கில் படுப்பதற்கு முன் அங்கே மூக்கை வைத்தது. அதற்கு எட்ட அங்கே என்ன மிச்சம் இருந்ததோ, வெகுநேரம் மோந்துகொண்டு நின்றது. பையன் கூப்பிடப் போனான். இருக்கட்டும் என்று நான் கையைக் காட்டினேன்.